எல்லா டொகாஷி வீடுகளுக்கும்

"தெளிவான குரலும் விரைந்து முடிவெடுக்கும் திறனும் கொண்டவர், எப்போதும் முன்வரிசையில் நின்று ஊழியர்களை வழிநடத்துபவர்." புதிய தர மேம்பாட்டுத் தலைவர் முரோகா யசுஹிகோவை நிறுவனத்தின் வசந்தகால இதழ் இப்படித்தான் அறிமுகம் செய்தது. பக்கத்திலேயே ஊழியர்களின் புகைப்படம். அதில் முரோகா கடைசி வரிசையில், தூணுக்குப் பாதி மறைவில் நின்றிருந்தார்.

அவரும் அந்த வரிகளைப் படித்தார். யாரோ நல்ல மனிதர் வரப்போகிறார் என்று நினைத்தார். பெயரைப் பார்த்த பிறகு இன்னொரு முறை படித்தார். அப்போதும் விளங்கவில்லை.

நிறுவனம் நடத்திவந்த பௌலிங் அரங்கில், சரிந்த கட்டைகளை நிமிர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் எண்ணெய்க் கையோடு இத்தனை வருடம் இருந்தவர் அவர். ஊரின் இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போய்ச் சேர, முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். நிறுவனம் அதே கட்டடத்தில் முதியோர் பகல் பராமரிப்பு நிலையம் திறந்தது. இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நிரந்தர ஊழியரை அப்படிப் போட முடியாது. ஏப்ரல் மாற்றல் உத்தரவில்தான் போட முடியும். காலி நாற்காலிக்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும், தகுதி பின்னாலேயே இதழில் அச்சாகி வந்துவிடும்.

நாற்காலியைக் காலிசெய்து தலைமை அலுவலகத்துக்கு உயர்ந்தவர் சகாகுரா அம்மையார். முதியவர்கள் அனைவரையும் மதிய உணவுக்கு முன்பே குளிப்பாட்டி முடிக்கும் முறையை வகுத்து, வெந்நீரும் ஆள் செலவும் மிச்சம் என்று வரைபடம் போட்டுக் காட்டி, எல்லாக் கிளைகளுக்குமான தங்கக் கோப்பையை வென்றவர். அவர் காலத்தின் பிற்பகுதியில் குறை சொல்லி ஒரு தொலைபேசிகூட வந்ததாகப் பதிவில்லை. யார் மேல் குறை வருகிறதோ அந்த ஊழியர் காலைக்கூட்டத்தில் தனியாக நின்று சக ஊழியர்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் விதித்திருந்தார். விதி வந்த மாதத்திலிருந்து குறைகள் நின்றுபோயின. வேலை திருந்தியதா, வாய்கள் திருந்தினவா என்று கோப்பை கொடுத்தவர்கள் கேட்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு பகலில் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் முரோகா மட்டுமே இருந்தார்.

"டொகாஷி பேசறேங்க," என்றது ஒரு பெண்குரல். "நீங்க குளிப்பாட்டற விதம் எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒத்துக்கல. வீட்டுக்கு வந்து அழறாங்க. தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிருங்க."

என்ன பதில் சொல்லலாம் என்று முரோகா யோசித்து முடிப்பதற்குள் எதிர்முனை வைத்துவிட்டது.

அந்த ஊர்ப் பள்ளத்தாக்கில் பாதிப்பேருக்கு டொகாஷிதான் குடும்பப் பெயர். நிலையத்துக்கு வரும் முதியவர்களிலேயே ஏழு பேர் டொகாஷி. உள்ளே எல்லோரையும் அவரவர் சொந்தப் பெயரால் கூப்பிடுவது ஏற்பாடு. தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கு அந்த ஏற்பாடு தெரியாது.

முரோகா தலைமை அலுவலகத்தை அழைத்து, சகாகுரா அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"குளிப்பாட்டறதுல யாரு கொஞ்சம் முரடு?"

"எல்லாரும் மாத்தி மாத்திதான்... ஒஷிகிரி சான் குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு."

"ஒஷிகிரியோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல? சரியாப் போச்சு. அவங்க பேர அறிக்கையில எழுதி அனுப்பிட்டு, திங்கக்கிழமை கூட்டத்துல நிக்கவைங்க."

"எந்த டொகாஷின்னே இன்னும் தெரியலயே."

"அது அவ்ளோ முக்கியமா?"

முக்கியமா என்று முரோகா யோசித்தார். முக்கியம் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

ஒஷிகிரி முன்பு மீன் சந்தையில் இருந்தவள். "என்ன தலைவரே, முகம் வேகாத சோறு மாதிரி இருக்கு?" என்றாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

"எழுதிக்குங்க. அவசரமாத்தான் குளிப்பாட்டறேன். சோத்துக்குள்ள அத்தன பேரையும் முடிக்கணுமே. காரு கழுவற எடத்துலகூட இன்னும் பதமாத் தொடப்பாங்க."

"ஏன் சோத்துக்குள்ள முடிக்கணும்?"

"அந்தக் கோப்பையத்தான் கேக்கணும்." கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒப்பந்தம் போச்சுன்னா நான் மறுபடி சந்தைக்குத்தான். பரவால்ல, மீனு அழாது."

அவள் சிரித்தாளா இல்லையா என்று முரோகாவுக்குத் தெரியவில்லை.

குறை சொன்னது நீங்களா என்று ஒரு வீட்டைக் கேட்பது நாகரிகமல்ல. குறை வந்த பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்காமல் இருப்பதும் நாகரிகமல்ல. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரே வழி தெரிந்தது. பயறு இனிப்புப் பெட்டிகள் ஏழு வாங்கினார். டை கட்டிக்கொண்டு, எல்லா டொகாஷி வீடுகளுக்கும் கிளம்பினார்.

முதல் வீட்டில் ஒரு விவசாயி வாசலுக்கு வந்தார். முரோகா இடுப்புவரை குனிந்தார்.

"அய்யய்யோ, நாங்க ஒண்ணும் சொல்லலயே."

"இல்லைங்க, தப்பு எங்க மேலதான்."

"என்ன தப்புங்க?"

முரோகாவுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். விவசாயியும் குனிந்தார். வாங்கிக்கொண்ட இனிப்புக்கு ஈடாக விவசாயி ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"இவ்ளோ தூரம் வந்ததால சொல்றேன், முரோகா சான். குளிக்கிற அன்னிக்கு அப்பா சோறு தொடறதில்ல. ரொம்பக் களைச்சுப்போறாரு. ஆனா போன் பண்ணது நாங்க இல்ல."

அடுத்த வீட்டு மருமகளும் இனிப்பைப் பார்த்துப் பதறினாள். பிறகு, குளியல் நாளென்றால் மாமியார் காலையில் போர்வையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார் என்றாள். அதற்கடுத்த வீட்டில் தலைமுடி காயாமல் திரும்பிவந்து சளி பிடித்த கதை. ஏழு வீட்டிலும் யாரும் தொலைபேசி செய்யவில்லை. ஏழு வீட்டிலும் குறை இருந்தது. கடைசி வீட்டில் அவர் யாரைத் தேடி வந்தார் என்பதையே மறந்துவிட்டார். கார் முழுக்க வெள்ளரிக்காய் வாசனை.

திரும்பும் வழியில் குழப்பம் கூடியது. ஒஷிகிரி விடுப்பில் இருந்த நாளைப் பற்றியும் அதே குறைதான் சொல்லியிருந்தார்கள். ஆக, கை யாருடையதானாலும் குளியல் ஒன்றுதான். அப்படியானால் திங்கட்கிழமை நிற்க வேண்டியது யார்? அந்த நேரத்தை வகுத்த தலைவர். இப்போது தலைவர் யார்? யோசனை இந்த இடத்துக்கு வந்ததும், தவறான ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டவர் போல அவருக்கு வியர்த்தது.

திங்கட்கிழமை எல்லோரும் வரிசையில் நின்று நிறுவனத்தின் உறுதிமொழியை ஒப்பித்தார்கள். ஒஷிகிரி தானாகவே ஓர் அடி முன்னே வந்தாள். அதற்குள் முரோகா நடுவில் வந்து ஏதோ சொன்னார்.

"சத்தமாச் சொல்லுங்க தலைவரே, ஒண்ணும் கேக்கல," என்றாள் ஒஷிகிரி.

"குளியல் என் பொறுப்பு. அவசரம் என் தப்பு. மன்னிக்கணும்."

சொல்லிவிட்டுக் குனிந்தார். தலைவர் குனிந்தால் ஊழியர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லாததால், எல்லோரும் பதிலுக்குக் குனிந்து, யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

அறிக்கை போன அன்றே சகாகுரா அம்மையார் அழைத்தார்.

"ஒரே வாரத்துல ஏழு குறையா? உங்க கிளை இப்ப கடைசி எடம். பொறுப்பானவர்ங்கற எடத்துல உங்க பேர எழுதியிருக்கீங்க. புரிஞ்சுதான் எழுதுனீங்களா?"

"சரியாத் தெரியலங்க," என்றார் முரோகா. அது உண்மைதான்.

தங்கக் கோப்பை அந்தக் கோடையிலேயே வேறு கிளைக்குப் போனது. அறிக்கையில் ஒஷிகிரியின் பெயர் இல்லாததால் அவள் ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்குத் தடை எதுவும் எழவில்லை. தொலைபேசியில் பேசிய டொகாஷி யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

முரோகா யசுஹிகோ ஏழு வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அங்கே அவர்கள் சொன்ன குறைகளைத் தன் பெயரில் அனுப்பினார். குளியல் நேரத்தை மாலைவரை நீட்டினார்.