பிறப்பதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்ட நாய்க்குட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, அஜ்மானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பி.ஆர்.ஓ.வாக இருக்கிறேன். விசா, பாஸ்போர்ட், லேபர் கார்டு என்று நானூறு தொழிலாளர்களின் காகிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவேன். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

அன்று மளிகை வாங்கப் போனபோது, பக்கத்துக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. என் பத்து வயது மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டியவள்தான், நகரவில்லை. அசல் பொமரேனியன், இரண்டு மாதம், எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று கடைக்காரர் ஒரு நீலப் புத்தகத்தை நீட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாஷிங் மெஷின் வாங்குகிறவனைப் போல, வாரண்டி உண்டா என்று கேட்டேன். ஏழு நாள் என்றார். பேரம் பேசி ஒரு சாப்பாட்டுக் கிண்ணத்தையும் ஓசியில் வாங்கினேன். புத்தகத்தில் ஸ்டாம்ப் இருந்தது. ஸ்டாம்ப் இருந்துவிட்டால் இந்த ஊரில் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் குட்டி கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாந்தி, பேதி. நாய் வந்தால் நான் ஊருக்குக் கிளம்பிவிடுவேன் என்று மிரட்டிய என் மனைவி, அதைத் தன் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் ஓட்டுங்கள் என்று காரில் என்னை விரட்டினாள்.

மிருக டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. பார்வோ என்னும் கிருமி, பிழைப்பது கஷ்டம் என்றார். ஊசி போட்டிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காதே என்று புத்தகத்தைக் கேட்டார். பெருமையாக நீட்டினேன். இரண்டு தரம் பார்த்தார்.

"சார், இது பொறந்தது மார்ச்ல. ஊசி போட்டது ஜனவரில."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊர்க்காரர்களின் தேதியையெல்லாம் சலித்துப் பார்க்கிறவன், இதைப் பார்க்கவில்லை. இதன் தாயைப் பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். தாயைக் காட்டாத கடைக்குக் குட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், தாயை எங்கோ கூண்டில் அடைத்துத் திரும்பத் திரும்ப ஈன வைத்து, பால்குடி மறக்கும் முன்பே குட்டியைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள் என்றார்.

கடைக்குப் போன் போட்டேன். கத்தலாம் என்றுதான் போட்டேன். ஆனால் அவரோ கொஞ்சம்கூட அசரவில்லை.

"டென்ஷன் ஆகாதீங்க பாய். அதைக் கொண்டாங்க, வேற பீஸ் தர்றேன்."

ஸ்பீக்கரில் இருந்ததால் மகளும் கேட்டுவிட்டாள்.

"திருப்பிக் குடுத்தா, இதுக்கு ட்ரீட்மென்ட் குடுப்பாங்களா டாடி?"

போனை வைத்துவிட்டேன். வாரண்டியும் அதோடு போயிற்று.

ஐந்து நாள் டிரிப்ஸ். லீவ் ஃபாரத்தில் குடும்பத்தில் அவசரம் என்று எழுதினேன். யாருக்கு என்று மேனேஜர் கேட்டார். வீட்டில் சின்னவளுக்கு என்றேன். அதில் பொய் இல்லை. ஆறாம் நாள் என் மனைவியின் கையிலிருந்து ஒரு துண்டு இட்லியை அது நக்கித் தின்றபோது, கிளினிக் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

இப்போது அது ஆட்டுக்கிடா உயரம். காது தொங்குகிறது. பொமரேனியன் என்று சொன்னால் டாக்டரே சிரிக்கிறார். யாராவது நாய் வேண்டும் என்றால், வேலை போய் ஊர் திரும்புகிறவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்களை வைத்துக் காப்பாற்றும் தன்னார்வலர்களிடம்தான் அனுப்புகிறேன்.

இங்கே விசா ஃபாரத்தில் தாயின் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் நான் யாரையும் விடமாட்டேன். அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், எங்கோ ஒரு கூண்டுக்குள் அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கும் அந்தத் தாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், கிண்ணம் கேட்டு வாங்கி வந்தோமே என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.