அண்ணி பெயரில் விழுந்த வரிகள்

அண்ணிக்கு ஒரு கடையின் இணையதளத்தில் வேலை. எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும், பொத்தான் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று பக்கத்தின் தோற்றத்தையெல்லாம் சொல்லும் ஒரு பெரிய ஃபைல் அவர் பொறுப்பு. எழுதியவர் அவரல்ல, ஆபீசில் தாடிக்காரர் என்று சொல்லப்பட்ட ஒருவர். எழுதினார், வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்கு ஒட்டுப்போட்டே அண்ணிக்குக் கண்ணாடி பவர் ஏறியது.

இந்த வருடம் புதிதாக ஒரு தளம் தொடங்குகிறார்கள். அதில் முதல் வரியிலிருந்து தானே எழுத வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. மேனேஜரும் பார்க்கலாம் என்றிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் டீம் லீடர் ஃபார்மேட்டரை, அதாவது எழுதிய வரிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவியைக் கொண்டுவந்தார். தாடிக்காரருக்கு என்டர் பொத்தான்மேல் என்ன கோபமோ, பக்கத்திலுள்ள பத்துப் பன்னிரண்டு பகுதிகளின் பெயர்களைக் கமா போட்டு ஒரே வரியில் திரைக்கு வெளியே ஓடவிட்டிருப்பார். பக்கத்தில் ஒரு பெட்டிக்கு நாலு நிழல் விழவேண்டும் என்றால் அதுவும் ஒரே மூச்சில். ஃபார்மேட்டர் கமாவுக்குக் கமா உடைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்திவிடும். எங்கே உடைக்கட்டும் என்று யாரையும் கேட்காது. ஒரு தரம் ஓட்டிவிடுங்கள் என்று லீடர் சொல்ல, அண்ணி ஓட்டினார். தளத்தின் தோற்றத்தில் ஒரு முடி அசையவில்லை. ஃபைல் மட்டும் நீண்டுகொண்டே போனது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் நிற்கும். இப்போது எங்கே பார்த்தாலும் அண்ணி பெயர். தாடிக்காரர் துடைத்துவிட்டாற்போல் காணாமல் போனார்.

புதுத் தளத்துக்கு ஆள் எடுக்கும்போது மேனேஜர் அந்தத் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

"முழுக்க உங்க கைதானேம்மா இது. உங்களை எடுத்துட்டா இதை யாரு பாக்கறது?"

"நான் எழுதல சார். ஃபார்மேட்டர் மடிச்சது."

"அதை ஓட்டினது?"

அண்ணி லீடரைப் பார்த்தார். லீடர் டீக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாராம். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, முன்பு எழுதியவர் பெயரைப் பார்க்க வழி உண்டு என்று அண்ணி விளக்கினார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இவ்வளவு தெரிந்தவரை எப்படி விடுவது என்றார்.

புதுத் தளத்துக்கு லீடரே போகிறார்.

சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அண்ணன் கேட்டார்.

"ஊர்த் துணியெல்லாம் மடிச்சு வெச்சதுக்கு, தைச்சதே நீதான்னுட்டாங்களா?"

நான் முறைத்தேன். அண்ணிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

"பழையபடி ஒரே வரியா சேர்த்துட்டா என்ன அண்ணி?"

"இப்போ சேவ் பண்ணினாலே ஃபார்மேட்டர் தானா திரும்ப உடைச்சிடும். உடைக்கலேன்னாலும் சேர்த்தது நான்தானே? மறுபடி என் பேர்தான் விழும்."

போன் அடித்தது. ஆபீசிலிருந்துதான். மொபைல் திரையில் வாங்கும் பொத்தான் பாதி மறைகிறதாம்.

"உங்க வரிதான்க்கா, பாத்துட்டேன்" என்றது குரல்.

அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார்.