மரம் மணக்கிற பியர்

மாமி என் கணவரோடு கதைப்பதை நிறுத்திக் கிட்டத்தட்ட ஒரு வருடமாகியிருந்தது. ஒரே வீடு, ஒரே குசினி, ஒரே சோற்றுப் பானை. ஆனால் தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஒரு சொல் போவதென்றாலும் என்னைச் சுற்றித்தான் போகவேண்டும். "பிள்ளை, உன்ர மனுசனிட்டைச் சொல்லு, சோறு ஆறுது" என்பார் மாமி. மனுசன் அவருக்கு நேரெதிரே கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். "வாறன் எண்டு அம்மாவிட்டைச் சொல்லும்" என்று அவரும் எனக்கே சொல்லுவார். நான் என்ன, தபால் கந்தோரா?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மிடறு பியர். மாமா இளவயதில் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையிடம் வேலை செய்தவர். அங்கே மரப் பீப்பாவிலிருந்து பிடித்துக் கொடுத்த கறுத்த பியரைக் குடித்து நாக்கைக் கெடுத்துக்கொண்டவர். பிற்காலத்தில் எந்தப் போத்தல் ஸ்டவுட்டைக் கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு, "மரம் மணக்கேல்லை" என்று முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொண்டே முழுப் போத்தலையும் முடிப்பார் என்பது வேறு கதை. கடைசிக் கிழமை படுக்கையில் கிடந்துகொண்டு ஒரு மிடறு கேட்டார். குடு என்றார் மாமி. கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் சீனன்குடாவில் ஒரு கந்தோரில் கிளாக்கர், வீட்டிலும் கிளாக்கர்தான். "ஏலாது அப்பா" என்றார். மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். அன்றைக்கு மகனிடம் வாயை மூடியவர்தான் மாமி.

எங்கள் வீட்டில் ஆண்டுத் திவசம் இரண்டு தரம் நடக்கும். முதல்நாள் ஐயர் வந்து மரக்கறியோடு செய்துவிட்டுப் போவார். மறுநாள் மச்சப் படையல். செத்தவர் விரும்பியதெல்லாம் படத்துக்கு முன்னால் வரவேண்டும்: மீன், கணவாய், சுருட்டு, எதுவானாலும். திவசத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே மாமி என்னூடாக அறிவித்தார். "மாமாவுக்கு மரம் மணக்கிற பியர் வைக்கவேணும் எண்டு சொல்லு." சண்டை நடக்கிற, மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நிற்கிற காலம். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எங்கே போவது?

என் மனுசன் அன்றே வேலையில் இறங்கினார். மாமா துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து போட்ட சின்னப் பீப்பா ஒன்று குசினிக்குப் பின்னால் இருந்தது. அதற்குள் நான் அடுப்புக்கரி போட்டு வைத்திருந்தேன். என்னை ஒரு சொல் கேட்காமல் கரியை வெளியே கொட்டிவிட்டு, கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் தச்சரைக் கூட்டிவந்தார். அவர் வளையங்களைத் தட்டி இறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒழுக்கு நிற்கும்வரை இருந்து பார்த்தார். போகும்போது காதைப் பொத்தாத குறையாக, "உள்ளுக்கு என்ன ஊத்தப்போறீங்க எண்டு நான் கேக்கல்ல தம்பி. நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார். அன்று பின்னேரமே இவர் போத்தல் போத்தலாக ஸ்டவுட்டை அதற்குள் ஊற்றி, மர அடைப்பால் வாயை மூடி, குசினிக்குள் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். படையலுக்குரியதை உப்புப் பார்க்கக் கூடாது. கறியானாலும் பியரானாலும் செத்தவருடைய வாய்தான் முதல் வாய். சரியாக வருகிறதா, பழுதாகிறதா என்று எப்படி அறிவது? இவர் மோந்து பார்க்கப் போனார். "பூவை மோந்தாலே சாமிக்கு வைக்கேலாது. பியரை மோந்தால் மட்டும் வைக்கலாமோ எண்டு கேள்" என்றார் மாமி. அன்றிலிருந்து இவர் பீப்பாவுக்கு மூன்றடி தள்ளி நின்று, தற்செயலாக மூச்சு விடுகிறவர்போல மூச்சை உள்ளே இழுப்பார். அந்த இழுவையைப் பார்க்கவேண்டும், மூச்சு முட்டுகிற வருத்தக்காரன் தோற்றான்.

நாள் நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது. பியர் நுரை எழும்பாமல் உயிரில்லாமல் கிடக்குமோ என்று கந்தோரில் யாரிடமோ கேட்டு, பனங்கட்டியும் பாணுக்குப் போடுகிற ஈஸ்டும் கரைத்து உள்ளே விட்டார். விட்டு, முன்னையைவிட இறுக்கி அடைத்தார். சனியனைக் கூப்பிட்டுக் கதிரை போட்டுக் கொடுத்ததுதான்.

படையலன்று காலை பத்து மணியிருக்கும். சோற்றை வடித்துவிட்டு நான் கணவாய்க் கறியோடு நின்றேன். "டொம்!" என்று அடைப்புத் தெறித்துத் தகரக் கூரையில் அடித்தது. அக்கம்பக்கம் முழுவதும் பங்கருக்குள் குதித்தது. நான் அகப்பையோடு மேசைக்குக் கீழே. "ஐயோ, எங்கை விழுந்தது?" என்று வேலிக்கு அப்பால் ஒரு குரல். "எங்கட குசினிக்குள்ளை!" என்று நான் கத்தினேன். அது என் வாய்க்கொழுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். சந்திக் காவலரணில் நின்ற ஆமிக்காரர் நாலுபேர் ஐந்து நிமிடத்தில் குசினி வாசலில் நின்றார்கள்.

நிலம் முழுக்கக் கறுத்த நுரை. நடுவில் பீப்பா சீறிக்கொண்டிருந்தது. நாலு துவக்கும் அதையே பார்த்தன. சிங்களத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் "பீப்பா! பீப்பா!" என்று கத்தினேன். "பீப்ப?" என்றார் அவர்களில் மூத்தவர். அங்கேயும் அதே சொல்லாம்! இவர் தன் கந்தோர்ச் சிங்களத்தில், தாத்தாவின் தானத்துக்கு என்று விளக்கத் தொடங்கினார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா, தானம் என்றால் எங்கள் திவசம் மாதிரி. மாமிக்கு அது எங்கே தெரியும்? "பார் பிள்ளை, உன்ர மனுசனுக்குத் தகப்பன் ஆர், தாத்தா ஆர் எண்டும் மறந்துபோச்சு!"

மூத்தவர் கிளாஸ் ஒன்றில் பியரைப் பிடித்து இவரிடம் நீட்டினார். "குடி" என்றார் தமிழில். தண்ணீர்ப் போத்தலோடு சென்றிக் காவலரணைத் தாண்டிய எல்லாருக்கும் அந்தச் சட்டம் தெரியும். கொண்டுபோகிறவன் முதலில் குடித்துக் காட்டவேண்டும்.

இவர் கிளாசை வாங்கினார். குடிக்கவில்லை. குடித்தால் அது எச்சில், மாமாவுக்கு வைக்க முடியாது. தாய் பிறகு இந்த ஜென்மத்தில் இவரோடு கதைக்கப்போவதில்லை. குடிக்காவிட்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். "குடி!" என்றார் மூத்தவர் மறுபடியும். ஒரு வருடமாக இந்தக் கூத்தைச் சிரித்துச் சமாளித்த எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. "குடியுங்கோ, நாசமாப்போன பியர்!" என்று கத்தினேன். இவர் அசையவில்லை. அப்பாவுக்கு ஒருதரம் ஏலாது என்று சொன்ன மனுசன், இரண்டாம்தரம் சொல்லமாட்டாராம்.

மாமி வந்து கிளாசைப் பறித்தார். ஆமிக்காரரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கி, "பொறு தம்பி" என்றார். அவரும் பொறுத்தார்! மாமி கிளாசைக் கொண்டுபோய் மாமாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் சோறு, என் வேகாத கணவாய், ஒரு சுருட்டு. கற்பூரம் கொளுத்தினார். மூத்தவர் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றினார். மற்ற மூன்று பேரும் கழற்றினார்கள். மாமாவுக்கு இப்படியொரு மரியாதை உயிரோடு இருந்த காலத்தில் கிடைத்ததில்லை.

கற்பூரம் அணைந்ததும் மாமி கிளாசை எடுத்து இவர் கையில் கொடுத்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முகம் நாலு கோணலாகப் போயிற்று, ஆனால் ஆள் விழவில்லை. அது போதும் என்று மூத்தவர் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மிகவும் நாகரிகமான மனிதர். "ஹொந்தாய்", நல்லது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, மீதியை அவசரமாக என் கையில் தந்துவிட்டு, ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நானும் ஒரு வாய் வைத்தேன். முதலில் கசப்பு, பிறகு பனங்கட்டி, பிறகு நனைந்த அலுமாரிக்குள் தலையை விட்டதுபோல ஒரு மணம். கடைசியாக வந்தது என் அடுப்புக்கரி. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

மாமி ஒரு விரலைக் கிளாசுக்குள் தோய்த்து நாக்கில் வைத்தார். "சீ, கறுமம்! இதையோ அந்த மனுசன் சாகக்கிடந்து கேட்டது?" விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி மகனை நேரே பார்த்தார். "நீ குடுக்காமல் விட்டது நல்லது, மோனை."

இவர் அந்த நுரைக்குள்ளேயே குந்தியிருந்து விக்கி விக்கி அழுதார். மாமி அவர் தலையில் கையை வைத்தார்.

"எழும்பு ராசா, சோறு ஆறுது" என்றார்.