டாலிவர் கட்டிய வேலி

வாஷிங்டனில் பெரிய தலைகள் வெளியே வந்தால், அவர்களுக்கு முன்னால் தெருவுக்கு வருவது எங்கள் இரும்புத் தடுப்புகள்தான். அவற்றை வரிசையாக நிறுத்தி, ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ என்ற தகரப் பலகையைக் கட்டுவது எங்கள் பிழைப்பு. மேஸ்திரி லூஷியஸ் டாலிவர். இருபத்தாறு வருடத்தில் தன் வேலியில் ஒரு குறை வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொய் கிடையாது.

வேலி முடிந்ததும் வெளிப்பக்கமாக நடந்து ஒவ்வொரு தடுப்பையும் கையால் தொட்டுப் பார்ப்பார். “கல்யாண வரவேற்பா நடக்குது, எல்லாத்துக்கும் கை குடுக்கறீங்க?” என்று கிண்டல் செய்வேன்.

“உன் வேலையை நம்பினா கை எதுக்குடா நீட்டப் போறேன்?” என்பார்.

போன அக்டோபரில் துணை அதிபர் ஒரு மண்டபத்தில் பேச வந்தார். டாலிவர் தொட்டு முடித்துப் போன பிறகு ஓர் ஆம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டியிருந்தது. ஒரு தடுப்பைக் கழற்றி, திரும்ப வைத்தவன் நான். கொக்கி சேரவில்லை. அவசரத்தில் கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டு, சுவரோரம் கொஞ்சம் இடைவெளி இருந்ததையும் கண்டுகொள்ளாமல், சாஸேஜ் ரொட்டி தின்னப் போய்விட்டேன்.

அந்த இடைவெளி வழியாகத்தான் ரெனெட்டா காஸ்கின்ஸ் உள்ளே போனாள். அந்தத் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரைக் குளிப்பாட்டி மருந்து கொடுப்பவள், தினமும் போகிற வழி. பிடித்து வழக்குப் போட்டார்கள். தெரிந்தே நுழைந்தாள் என்று நிரூபித்தால் ஒரு வருடம் வரை உள்ளே. அதைவிட, பெயர் கெட்டால் யாரும் அவளை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

அரசுத் தரப்புச் சாட்சி டாலிவர். தன் வேலியில் தப்பே வந்ததில்லை என்று கூண்டில் ஏறியதுமே சொல்லிவிட்டார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அரசு வக்கீல் அவள் நுழைந்த இடத்தின் படத்தைக் காட்டினார். “இது நீங்க கட்டின பலகைதானே?”

“என்னோடதுதான்.”

“எழுத்து நல்லா படிக்க முடியுது இல்லையா?”

“முடியுது. ஆனா பலகைக்குப் பின்னாடி பஸ் ஸ்டாப் தெரியுதே, ஐயா.”

“அதனால என்ன?”

“பஸ் ஸ்டாப் வேலிக்கு வெளியே இருக்கு. படம் எடுத்தவர் உள்ளே நின்னிருக்கார். தடுப்பைத் திருப்பி வெச்சுட்டாங்க. இந்தம்மா கண்ணுக்கு வெறும் தகரத்தோட முதுகுதான் தெரிஞ்சிருக்கும்.”

அன்று கொக்கி ஏன் சேரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

வக்கீல் முகம் சிவந்தார். “உங்க வேலையில தப்பே வராதுன்னு இப்பதானே சொன்னீங்க?”

“சொன்னேன். இப்ப வந்திருக்கு.”

“யார் திருப்பி வெச்சது?”

படத்தில் கம்பி இடக்கைச் சுற்றாகச் சுற்றியிருந்தது. எங்கள் ஆட்களில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான். டாலிவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அது என் வேலி, ஐயா. வெச்சது நான்னே எழுதிக்குங்க.”

ஜூரிகள் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். குற்றமில்லை. வெளியே ரெனெட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “படிச்சிருந்தா திரும்பிப் போயிருப்பேன், அண்ணே.”

“தெரியும்மா. அதுக்குத்தானே பலகை. சொல்லாம மறிச்சா அது வேலி இல்லை, பொறி.”

அவள் போனதும், திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றேன். “அண்ணே, அந்தக் கம்பி…”

“நாளைக்கு ஆறு மணிக்கு வா” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வண்டியில் பலகைகள் இரண்டு மடங்கு இருந்தன. தடுப்புக்கு இரண்டு, முதுகோடு முதுகாகக் கட்டச் சொன்னார். முதலாளி போனில் கத்தியபோது, “எப்படித் திருப்பினாலும் படிக்கணும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்று வேலி முடிந்ததும் அவர் கை நீட்டவில்லை. வண்டியில் சாய்ந்து நின்று, தலையால் சாடை காட்டினார்.

வெளிப்பக்கமாக நடந்து, ஒவ்வொரு தடுப்பையும் நான் தொட்டேன்.