மூடுபனியை அடைத்த துப்பாக்கி

சாந்தாமணிக்குக் கோபம் வந்தால் அடுப்பில்லாமலே டீ கொதிக்கும் என்று கோத்தகிரிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். ஆனாலும் பாதிக்கு மேல் உண்மை.

அன்னூரிலிருந்து மலையேறி வந்து மளிகைக்கடை போட்டவரின் மகள். ஊட்டியில் பி.எஸ்ஸி. படித்தபோது என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவள். கணவர் சுப்பண்ணன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வீட்டில் வாயே திறக்க மாட்டார், பாவம், திறக்க நேரம் கிடைத்ததில்லை. இருவருக்குமாக ஒரு ஏக்கர் தேயிலை. பச்சை இலையின் விலை பாதாளத்துக்குப் போன அந்த வருஷங்களில் பறிகூலிகூடக் கட்டுப்படியாகாமல் பலர் தோட்டத்தைக் காடாக விட்டார்கள். சாந்தாமணி விடவில்லை. தானே பறித்து, தானே சுமந்து, எடைக் கொட்டகையில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

விலையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது ஈரக் கழிவு. மழையில் பறித்த இலையில் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதற்காக எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். அது எல்லா ஃபேக்டரியிலும் உள்ள வழக்கம். கீர்த்திவாசனின் ஃபேக்டரியில் மட்டும் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் கழித்தார்கள். கேட்டால், மூடுபனியாம். இந்த மலையில் மூடுபனி இல்லாத காலையை யார் கண்டது?

ஒருநாள் கொட்டகையில் எல்லார் முன்னாலும் கீர்த்திவாசனைப் பிடித்துக்கொண்டாள்.

"பனிக்குள்ள நானுந்தானுங்க நடந்து வந்தேன். என்னையும் தராசுல ஏத்திக் கழிச்சுக்கோங்க."

சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். எங்கள் மாரியம்மன் நோன்பில், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மண்மேட்டை ஒட்டிய சில்வர் ஓக் மரத்தில் உரித்த தேங்காயைக் கட்டி, ஏர்கன்னால் சுடுவார்கள். பட்டால் போதாது, ஓடு துளைத்துத் தண்ணீர் ஒழுக வேண்டும். பலூன் சுடுகிற குண்டு அத்தனை தூரம் போய்க் கடுகு மாதிரித் தெறித்து விழும். ஒழுகிப் பல வருஷமாயிற்று.

"கோபத்தைத் தேங்காயில காட்டுங்க," என்றார் கீர்த்திவாசன். "ஒரே குண்டு. ஒழுகுச்சுன்னா இந்த ஊர் இலைக்குப் பனிக் கழிவு கிடையாது. ஒழுகலைன்னா இனி யாரும் வாய் திறக்கக் கூடாதுங்க."

கோபத்தில் அவள் சரியென்று சொல்லிவிட்டாள். ஊர் இலை மொத்தமும் அவள் விரலில் வந்து தொங்கியது.

தம்பி சின்னராஜ் கோவையிலிருந்து ஒரு குட்டைத் துப்பாக்கி கொண்டுவந்து கொடுத்தான். குழல் பாதிக்கு மேல் கட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கைப்பம்பில் காற்றடித்துச் சுடுகிற ரகம். அதற்குப் பழக்கம், பாவாடை கட்டியது போல இடுப்பு ஒடுங்கிய லேசான குண்டு. தேங்காய் ஓட்டுக்கு அது ஆகாது. நேராக, திண்ணென்று இருக்கும் ஸ்லக் என்ற கனத்த குண்டு வேண்டும். அதைத் தள்ளக் காற்று அதிகம் வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தடவையும் அதே அளவு காற்று வேண்டும். காற்றை அளந்து விடும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினாள். வால்வை அடிக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்த்தாள், தளர்த்திப் பார்த்தாள். குண்டுகளை நகைத் தராசில் நிறுத்து, கனம் மாறியவற்றைத் திட்டிக்கொண்டே ஒதுக்கினாள். ஒரு வாரத்தில் பள்ளத்துக்கு அப்பால் வைத்த தீப்பெட்டி பறந்தது.

அடுத்த வாரம் எல்லாம் கெட்டது. ஒரு குண்டு மேலே, ஒன்று கீழே, ஒன்று எங்கே போனதென்று மாரியம்மனுக்கே தெரியாது. குழலைத் திட்டினாள். குண்டு வார்த்தவனைத் திட்டினாள். சின்னராஜுக்குப் போன் போட்டு அவள் கத்தியது டவர் இல்லாமலே கோவைக்குக் கேட்டது. சுப்பண்ணன், குறி வைத்த மரம் ஆடுகிறதோ என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அன்று சாப்பாட்டை ஹோட்டலில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் காற்றைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. துருவேறிய, டீ நிறத் தண்ணீர்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தினமும் இலை பறிக்கப் போகும்முன் வாசலில் நின்றுதான் பம்ப் அடிப்பாள். பம்ப் காற்றை மட்டுமா இழுத்தது? ஊர் மூடுபனி முழுவதையும் துப்பாக்கிக்குள் அடைத்திருக்கிறாள். ஈரத்தில் ரெகுலேட்டர் ஒட்டிக்கொண்டு, ஒருநேரம் அதிகமாகவும் ஒருநேரம் குறைவாகவும் காற்று விட்டிருக்கிறது. பனியில் தண்ணீரே இல்லையென்று சண்டை போட்டவளுக்கு அந்தச் சொட்டைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

துடைத்துக் காயவைத்துவிடலாம். மறுபடி அடிக்க உலர்ந்த காற்றுக்கு எங்கே போவது? துவைத்த துணி வாரக்கணக்கில் காயாத மாதம் அது. ஊரிலேயே வறண்ட இடம் ஒன்றுதான்: தேயிலை உலர்த்தும் டிரையர் அறை. அதுவும் கீர்த்திவாசனுடையது.

போனாள். டிரையர் பார்க்கிற சுடலைமுத்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இடம் விட்டார். வேர்த்து வழிய அவள் பம்ப் அடிக்கும்போது கீர்த்திவாசன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, தீபாவளி தோற்றுவிடும்.

"அப்ப பனியில தண்ணி இருக்குதுன்னு ஒத்துக்கறீங்க?"

"இருக்குதுங்க," என்றாள் சாந்தாமணி, பம்பை நிறுத்தாமல். "ஒரு சொட்டு. நீங்க கழிக்கறது கூடை கூடையா."

சுடலைமுத்து டிரையரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். துரத்தினால் பயந்துவிட்டார் என்று ஊர் பேசும், கீர்த்திவாசன் துரத்தவில்லை. காற்று தன்னுடையது என்பது ஞாபகமிருக்கட்டும் என்று மட்டும் சொல்லிப் போனார்.

நோன்பன்று பனி இறங்கி, தேங்காய் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பனி ஒரு நொடி விலகியது. விரல் அசைந்தது. சத்தம் ஒரு தும்மல் அளவுதான். தேங்காய் லேசாக ஆடி நின்றது, எதுவும் நடக்கவில்லை. கீர்த்திவாசன் கைதட்டக் கையை எடுத்தார். அப்போதுதான் மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து மரத்தடிக்கு வந்த பூசாரி அண்ணாந்து பார்த்து, மூக்கில் விழுந்ததைத் துடைத்தார்.

ஒழுகியது. மேளம் அடிக்கவும் மறந்து போனார்கள்.

சாந்தாமணி சிரிக்கவில்லை. நேரே கீர்த்திவாசனிடம் போனாள்.

"இதை எழுதிக்கோங்க. இதுதானுங்க ஈரக் கழிவு."

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே பனிக் கழிவு நின்றது. அடுத்த மாதம் எடைக் கொட்டகையில் புதுப் பலகை தொங்கியது: முற்றின இலைக்குக் கழிவு உண்டு.

சாந்தாமணி அதை இரண்டு முறை படித்தாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், கைப்பம்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே அவருடைய டிரையர் அறைக்கு நடந்தாள்.