அந்தரத்தில் ஓர் எஞ்சின்

கனத்தைத் தூக்கும் சாமானை வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தூக்கம் மட்டும் லேசாகத்தான் வரும். பந்தல் சாமான், சமையல் பாத்திரம், சென்ட்ரிங் பலகை என்று எதையாவது கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அண்டா நசுங்கினால் அண்டாவோடு போயிற்று. நான் விடுவது எஞ்சின் கிரேன். சக்கரம் வைத்த இரண்டு நீளக் கால்கள், பின்னால் ஒரு தூண், அதிலிருந்து முன்னால் நீளும் ஒரு கை, கை நுனியில் கொக்கி. தூணோடு பொருத்திய ஜாக்கியை அடித்தால் கை மேலே போகும். அதன் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் கீழே வரும்.

கடை தச்சநல்லூரில். லோடு ஆட்டோ ஓட்டுவது சுடலையண்ணன். கிரேன் போகும் இடத்துக்கெல்லாம் பெரும்பாலும் நானும் போவேன். பாதுகாப்புக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்வது. உண்மையில், தரையை விட்டுக் கிளம்பும் எஞ்சினைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அத்தனை பெரிய இரும்பு காற்றில் மிதந்து மெல்லத் திரும்பும்போது, சுற்றி நிற்கிறவர்கள் தங்களை அறியாமல் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

வாழைத்தோப்புப் பனி

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தோப்பு. தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் எஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்ற வேண்டும். நாங்கள் போனபோது தோப்புக்குள் பனி இன்னும் கலையவில்லை. இலைகள் எல்லாம் பாதிதான் தெரிந்தன. முந்தின நாள் பாய்ச்சிய தண்ணீரின் ஈரம் மண்ணில் அப்படியே இருந்தது. சக்கரங்களுக்கு அடியில் பலகை போட்டபிறகுதான் தூக்க வேண்டும் என்றேன். தோப்புக்காரர் நல்லபெருமாள் அண்ணாச்சி சிரித்தார். "இது எங்க மண்ணு தாயி. பூமி தாங்கும்" என்றார்.

நானும் சுடலையண்ணனும் ஆட்டோவிலிருந்து பலகையை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவரே ஜாக்கியை அடித்துவிட்டார். எஞ்சின், அதைப் பதித்திருந்த சிமெண்டு மேடையை விட்டு ஒரு சாண் உயர்ந்து, பனிக்குள் கறுப்பாக மிதந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு கிரேன், உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறவர் போல, ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. இடது சக்கரம் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் அண்ணாச்சி நின்றார். "தள்ளிப் போங்க!" என்று கத்திக்கொண்டே நான் ஓடிப்போய்த் திருகை மயிரிழையளவு திறந்தேன். பதறித் திறந்திருந்தால் மொத்தமும் தடாலென்று விழுந்திருக்கும். எஞ்சின் திரும்பவும் மேடைமேல் வந்து உட்கார்ந்தது. அண்ணாச்சி புதைந்த சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாங்கும்னு நான் சொன்னது நெசந்தான் தாயி. கொஞ்சம் உள்ள வாங்கிக்கிட்டுத் தாங்குது, அவ்வளவுதான்."

தூறலும் தூக்கமும்

பாளையங்கோட்டையில் செல்லையா என்ற மெக்கானிக்கின் பட்டறை. ஒரு பிற்பகலில் கிரேனைத் திரும்ப எடுத்துவரப் போனோம். தகரக்கூரையில் தூறல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஆள் அரவமே இல்லை. ஒரு காரின் எஞ்சின் பாதி வெளியே வந்த நிலையில் கொக்கியில் தொங்கியது. அதற்கு நேர் கீழே, விரித்த சாக்கின்மேல், நெஞ்சில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு செல்லையா தூங்கிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றப் படுத்தவர். குளிர்ச்சிக்கு அப்படியே கண் செருகிவிட்டது போல.

ஜாக்கியின் அடியில் எண்ணெய் கசிந்து தரையில் வட்டமாகப் படர்ந்திருந்தது. கிரேனின் கையைத் தூக்கி நிறுத்துவதே அந்த எண்ணெய்தான்; கசிந்தால் கை தானாகவே இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. நிழல் நகர்கிற மாதிரி இறங்கும். எஞ்சினுக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து தலையை முட்டிக்கொள்வார். சுடலையண்ணன் மரக்கட்டைகளை எடுத்து எஞ்சினுக்கு அடியில் இரண்டு பக்கமும் பைய அடுக்கினார். நான் செல்லையாவின் இரண்டு கணுக்காலையும் பிடித்து, சாக்கோடு சேர்த்து இழுத்தேன். வெளிச்சத்துக்கு வந்தவர் கண்ணைத் திறந்தார். மேலே தொங்குவதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆத்துல முங்கிக் கெடக்கிற மாதிரி கனவு யக்கா. நீங்க காலைப் பிடிச்சு இழுக்கவும் முதலைன்னுல்லா நெனச்சேன்!"

நடுவில் நான்

சாத்தான்குளம் பக்கம் ஓர் அண்ணனும் தம்பியும். சொத்துப் பிரித்ததில் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். பிரிக்க முடியாமல் மிஞ்சியது அப்பாவின் ஜீப் ஒன்று. எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்த்து அதை ஓட வைக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் சம்மதம். பனைகளுக்கு நடுவே வெட்டவெளியில் வேலை. காற்றில் ஓலைகள் உரசும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அண்ணன் ஜாக்கியில், தம்பி எஞ்சினைப் பிடித்துத் திருப்புகிற இடத்தில். ஒருவர் சொல்ல மற்றவர் செய்ய வேண்டிய வேலை இது. இவர்களோ என் வழியாகப் பேசினார்கள். "கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க." "போதுமான்னு கேளுங்க." ஓர் ஆள் நீளத்தில் நின்றுகொண்டு, தூரதேசத்துக்குச் சேதி அனுப்புகிற மாதிரி.

எஞ்சின் கிளம்பி, ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. இறக்கி வைத்துவிட்டுத்தான் என்னவென்று பார்க்க வேண்டும். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பி கையை அடியில் விட்டுத் துழாவினார். எஞ்சினைக் கொக்கியோடு கட்டியிருந்த செயின் ஒருமுறை முனகியது. எஞ்சின் தூக்கத்தில் புரள்வது போலத் திரும்பியது.

"ஏலே, கையை எடுலே!"

கத்தியது அண்ணன். தம்பி கையை உருவிய அடுத்த கணம், கை இருந்த இடத்தில் இரும்பு வந்து மோதியது. பிறகு அண்ணன் பைய எஞ்சினை இறக்கினார். கழற்றாமல் விட்ட ஒரு போல்ட்டை இருவருமே குனிந்து தேடினார்கள். "அங்கன பாரு." "இங்கன இருக்கு." நான் தள்ளிவந்து பனை நிழலில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் கிரேனை ஆட்டோவில் ஏற்றும்போது தம்பி என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணுனது எங்கண்ணன், முறிச்சதும் எங்கண்ணன். எம்மேல ஒரு குத்தமும் கெடையாது, பாத்துக்கிடுங்கக்கா."

எஞ்சின் இல்லாத வீடு

சேரன்மகாதேவியில் ஆற்றை ஒட்டிய வீடு. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கிரேன் கேட்டிருந்தார். வாசலில் காரும் இல்லை, பைக்கும் இல்லை. எஞ்சின் எங்கே என்றேன். உள்ளே கூட்டிப்போனார். கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தார். வாதத்தில் இரண்டு காலும் விழுந்துவிட்டதாம். பின்கட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். தனியாகத் தூக்கக் கணவருக்குத் தெம்பில்லை. தடித்த போர்வையில், கொக்கியில் மாட்டுவதற்காக நான்கு மூலையிலும் வளையம் வைத்துக் கணவரே தைத்து வைத்திருந்தார். தையல் கோணல்மாணலாக இருந்தாலும் அழுத்தமாக இருந்தது.

"இந்தக் கொக்கியில மனுஷாளைத் தூக்கக் கூடாதய்யா. செயின் வழுக்கினா இரும்புன்னா நெளியும், அவ்வளவுதான். ஒடம்பு தாங்குமா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுடலையண்ணன்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "போர்வை நல்லாத்தான் இருக்கு. ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். நாலு பேருமாகப் பிடித்து, பின்கட்டில் போட்ட நாற்காலியில் அந்த அம்மாளைப் பைய உட்கார வைத்தோம். மாலை வெயில் ஆற்றில் பொன்னாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. நாணலுக்குள்ளிருந்து ஒரு கொக்கு எழுந்து பறந்தது. அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும்தான். கடைசியில் கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இத்தன வருசமா இந்தக் குடும்பத்தை இழுத்தது நாந்தான. அதான் இவுகளுக்கு என்னைப் பார்த்தா எஞ்சின்னு தோணிட்டு."

தூக்குகிற வலுவை வாடகைக்குக் கொடுத்துவிடலாம், பைய இறக்குகிற பொறுமையை மட்டும் அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.