மழையை நிறுத்தச் சொன்னவர்

எங்கள் ஸ்டூடியோவுக்கு அந்த ஜப்பானியர் வந்த முதல் நாளே எனக்கு அவர்மேல் எரிச்சல் தொடங்கிவிட்டது. காலையில் வந்தார், எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார், நாங்கள் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்த வீடியோ கேமைப் போடச் சொன்னார். கொன்ட்ரோலரைக் கையில் வாங்கியவர் விளையாடவில்லை. கேமின் நாயகியான சிறு பெண்ணை, நின்ற இடத்திலேயே குதிக்க வைத்தார். திரும்பக் குதிக்க வைத்தார். நாங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் எழும்பிப் போனபோதும் அவள் குதித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, நிதானமான ஆங்கிலத்தில், "இவள் குதிப்பதில் சந்தோஷம் இல்லை" என்றார்.

என்னுடைய வேலை, எந்தப் பகுதி எந்தத் திகதிக்குள் முடியவேண்டும் என்று பார்ப்பது. சந்தோஷத்துக்கு நான் திகதி குறித்திருக்கவில்லை.

அவரை எங்கள் நிறுவனத் தலைவர் ஜப்பானில் இருந்து பெரிய பாடுபட்டு அழைத்து வந்திருந்தார். இனி கேமின் டிசைனரும் ஜப்பானியர்தான், தயாரிப்பாளரும் அவர்தான். நான் அவருக்குக் கீழே உதவித் தயாரிப்பாளர். அவருடைய வரலாற்றை அலுவலகத்தில் இருந்தவர்களைவிட என் கணவர்தான் நன்றாக அறிந்திருந்தார். அஜக்ஸ் ரயில் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் நான் புறுபுறுக்க, அவர் காரை ஓரமாக நிறுத்தியே விட்டார்.

"உமக்குத் தெரியுமே, அந்தாள் ஆர் எண்டு?"

தெரியாது என்றேன். அதன்பிறகு வீடு போய்ச் சேரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. அந்த மனிதர் கடைகளில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்களைச் செய்த நிறுவனமொன்றில் இளைஞராகச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டித்தான் உருவங்களை வரைவார்களாம். வேறு நிறுவனங்கள் ஆட்களைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் கேமின் முடிவில் உண்மைப் பெயரைப் போட விடமாட்டார்களாம். அதனால் அவர் செய்த முதல் கேம்களில் அவர் பெயரே இல்லை. பிறகு டிசைனராகி, தயாரிப்பாளராகி, உலகம் முழுக்கப் பிள்ளைகள் விளையாடிய ஒரு கேமைச் செய்தார். சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். அது மூடப்பட்டுப் போனது. சில காலம் ஒரு கல்லூரியில் படிப்பித்தார். இப்போது அறுபது கடந்து எங்களிடம் வந்திருக்கிறார்.

அந்தப் புகழ்பெற்ற கேமோடுதான் என் கணவர் வளர்ந்தவர். சிறுவனாகக் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தபோது தாயும் தகப்பனும் மாறி மாறி ஷிஃப்ட் வேலை. அப்பார்ட்மெண்டில் அவருக்கும் தமையனுக்கும் துணையாக இருந்தது அது ஒன்றுதான். ஆகவே எங்கள் வீட்டில் நியாயம் எப்போதும் ஜப்பானியர் பக்கமே இருந்தது. வேலையால் நான் களைத்து விழுந்து வர, "இண்டைக்கு என்னவாம் சொன்னவர்?" என்றுதான் முதற்கேள்வி. நான் திட்டினால், "கோவிக்காதேயும், அந்தாள் சொல்லுறதிலை ஒரு ஞாயம் இருக்கும்" என்பார்.

நான் அதிகம் கோபித்தது மழை விஷயத்தில். எங்கள் குழுவில் கோயம்புத்தூரில் இருந்து வந்த புரோகிராமர் ஒருவர் இருந்தார். கேமில் பெய்யும் மழை அவருடைய வேலை. சும்மா மழை இல்லை. இலையில் விழுவது வேறு, தகரக் கூரையில் விழுவது வேறு, சேற்றில் விழுவது வேறு. மாதக்கணக்காகச் செய்தார். அதை முதன்முதலில் பெரிய திரையில் போட்டபோது, மற்றக் குழுக்களில் இருந்தும் ஆட்கள் வந்து கைதட்டினார்கள். ஜப்பானியர் நெடுநேரம் பார்த்தார். மிக அழகு என்றார். எல்லோரும் போனபிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மழையை எடுத்துவிடச் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். விளையாடுகிறவர் மழையைப் பார்க்கிறார், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்ப்பதில்லை என்றார். அதை அந்தப் புரோகிராமரிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, எனக்கு ஆங்கிலம் போதாது, நீங்கள் சொன்னால் நல்லது என்றார். முந்தின நாள்தான் அதே ஆங்கிலத்தில் பூனைகளின் நடையைப் பற்றி ஒரு மணித்தியாலம் எங்களுக்குப் பேசியிருந்தார்.

நான்தான் போய்ச் சொன்னேன். புரோகிராமர் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரிக்கா," என்றார். கொஞ்சம் கழித்து, "அழகா இருக்குன்னு சொன்னாரேக்கா" என்றார்.

தேநீர் எடுக்கப் போவதுபோல் எழும்பிப் போய்விட்டேன்.

இந்த நிலையில்தான் என் கணவர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்திறங்கினார். நான் புட்டும் கணவாய்க் கறியும் செய்திருந்தேன். கணவாய்க் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுவரை நல்ல விருந்தாளி. சாப்பாடு முடிந்ததும் என் கணவர், தமையன் வீட்டு நிலவறையில் தேடி எடுத்து வந்த அந்தப் பழைய கேமைக் கோவில் பிரசாதம்போல இரண்டு கையாலும் நீட்டினார். ஜப்பானியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தக் கேம் பிடிக்காது" என்றார்.

என் கணவரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு இருவரும் தரையில் இருந்து விளையாடினார்கள். ஒரு கட்டத்தில் பெரிய பள்ளம் ஒன்று வந்தது. என் கணவர் அதில் விழுந்தார். சின்ன வயதில் இந்த இடத்தில் எப்போதும் விழுவேன், எனக்குக் கை சரியில்லை என்று அண்ணா ஏசுவார், ஒருநாள் அழுதும் இருக்கிறேன் என்றார். ஜப்பானியர் கொன்ட்ரோலரைக் கீழே வைத்தார். அது உங்கள் பிழை இல்லை, பள்ளத்தின் கரையை நான் தவறாக அளந்துவிட்டேன், கேம் வெளியான பிறகுதான் கண்டுபிடித்தேன் என்றார். பிறகு என் கணவருக்கு முன்னால் நெற்றி தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது என் கணவர் பாட்டு முணுமுணுத்தார். எனக்கோ பத்திக்கொண்டு வந்தது. எத்தனையோ வருடத்துக்கு முந்தின பள்ளத்துக்காக இந்த மனிதர் தரையில் குனிகிறார், அதே அலுவலகத்தில் மனமுடைந்து இருக்கும் பொடியனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் கேம் ரசிகர்களுக்கான பெரிய கூட்டம் ஒன்று நகர மையத்தில் நடந்தது. மேடையேறி வெளியீட்டுத் திகதியை அவர் அறிவிப்பதாக ஏற்பாடு. அந்தத் திகதியைச் சுற்றித்தான் நான் எல்லாவற்றையும் கட்டியிருந்தேன்: விளம்பரம், மொழிபெயர்ப்பு, சோதனை செய்யும் ஆட்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். சபையைப் பார்த்து, "எங்கள் கேம் இன்னும் நன்றாக வரவில்லை. தயவுசெய்து இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள்" என்று சொல்லிக் குனிந்தார். மண்டபமே எழுந்து கைதட்டியது. நிறுவனத் தலைவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஜப்பானியருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஏன் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தால் நீங்கள் மறுத்திருப்பீர்கள்" என்றார்.

"அதற்காகத்தான் கேட்பது" என்றேன்.

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. தயாரிப்பாளர் என்று உங்கள் பெயர் இருக்கிறது, அந்த வேலையை நான் செய்கிறேன்; கெட்ட செய்தியெல்லாம் என் வாயால் போகிறது, நல்ல செய்தி மேடையில் உங்கள் வாயால் வருகிறது என்றேன். என் கணவரிடம் ஒரு பள்ளத்துக்காக மன்னிப்புக் கேட்டீர்கள், மழையைச் செய்தவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது எனக்கே கேட்டது.

பின்னேரம் பார்த்தால், அவர் தன்னுடைய நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போய்ப் புரோகிராமரின் மேசைக்குப் பக்கத்தில் போட்டு இருக்கிறார். என்ன பேசினார்களோ தெரியாது. வேலை முடிந்து நான் கிளம்பும்போது இருவரும் ஒரே திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறு பெண் ஓடும்போது மழை இல்லை; ஒரு கூரைக்குக் கீழ் ஒதுங்கி அசையாமல் நின்றால் மட்டும் மழை பெய்யத் தொடங்குகிறது. நன்றாகத்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய என்னுடைய திகதிகளை எல்லாம் மறுபடி தள்ளவேண்டி வந்தது.

அந்த வாரமே அவர் தலைவரிடம் போய்த் தயாரிப்பாளர் பதவி தனக்கு வேண்டாம் என்றும், அதை எனக்குக் கொடுக்கும்படியும், தான் டிசைனராக மட்டும் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அதையும் என்னிடம் கேட்கவில்லை. தலைவர் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

வீட்டில் சொன்னேன். "அப்ப இனி நீர்தான் அந்தாளுக்கு மேலையோ?" என்றார் என் கணவர். பெருமையா பயமா என்று விளங்கவில்லை.

"ஓம். உங்கடை கடவுளுக்கு இனி நான்தான் திகதி குடுக்கவேணும்" என்றேன்.

குளிர்காலத்தில் நான் எடுத்த முதற் பெரிய முடிவு, கலங்கரை விளக்கத்தில் நடக்கும் பகுதியை நீக்குவது. அது அவருடைய செல்லப் பகுதி. ஆனால் அந்த வேலை ஒருநாளும் முடியாது போலிருந்தது. ஒவ்வொரு வாரமும் படிகளின் எண்ணிக்கையை மாற்றினார். நானே அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். அதன்பின் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். சொல்லவேண்டியதைப் புரோகிராமரிடம் சொல்வார், அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தபடி, "அக்கா, சார் என்ன சொல்றார்னா" என்று தொடங்குவார். நான் இரண்டு எட்டுத் தூரத்தில்தான் இருந்தேன். அறுபது கடந்தவர் ஒருவர் இப்படி நடந்துகொள்வதைப் பார்த்தால் பிள்ளை வளர்த்தவர்களுக்குக் கொஞ்சம் பழகியதுபோல் இருக்கும். எனக்கோ பொறுமை போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை நான் ஓவர்கோட்டைக் கழற்ற முன்னமே வந்து நின்றார். கலங்கரை விளக்கம் இல்லாமல் கேமை முதலில் இருந்து கடைசிவரை விளையாடிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றார். நன்றி என்றேன்.

"நான் என்றாலும் நீக்கியிருப்பேன். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே. நீங்கள் பிந்திவிட்டீர்கள்" என்றார்.

கோட்டின் ஒரு கை கழன்றபடி நின்றேன். அவர் மறுபடி குனிந்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

கேம் அடுத்த வருடம் வெளியானது. அமோகமாக விற்கவில்லை, மோசமும் இல்லை. விளையாடியவர்கள் பலரும் மழையைப் பற்றி எழுதினார்கள். ஒதுங்கி நின்று மழையைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்ப விளையாடுவதாக எழுதினார்கள். புரோகிராமர் அவற்றை எல்லாம் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஜப்பானியர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனார். விமான நிலையத்துக்கு என் கணவர்தான் கொண்டுபோய் விட்டார். வரும்போது கண் கலங்கியிருந்தது. 401 நெடுஞ்சாலையில் நெரிசல் என்றார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் ஜப்பானில் இருந்து தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்தார். பிறகு, எங்கள் கேமை மறுபடி விளையாடியதாகவும், மூன்றாவது வீட்டின் மாடிப்படியில் காலடிச் சத்தம் ஒரு கணம் பிந்திக் கேட்பதாகவும் சொன்னார். கேம் வெளியாகி ஒரு வருடம் ஆகிவிட்டது, அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள் என்றேன்.

"தெரியும். ஆனால் இப்போதுதானே கண்டுபிடித்தேன்" என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். இவருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய் டிவியில் எங்கள் கேமைப் போட்டார். நான் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். மாடிப்படியில் ஏறும் சத்தம் கேட்டது, இறங்கும் சத்தம் கேட்டது, திரும்ப ஏறும் சத்தம் கேட்டது.

"இஞ்சை வாரும்," என்று முன்னறையில் இருந்து கூப்பிட்டார். "அந்தாள் சொன்னது சரிதான்."

நான் போகவில்லை.